வயோலாக்காரனின் பென்சில்

அடுத்தவன் எழுதிய ஓபெராவை நடத்துவது ஆர்ச்சி கின்னேர்டுக்குப் புதிதில்லை. பதினான்கு வருஷமாக அவன் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. ஆனால் செத்துப்போன இத்தாலிக்காரனுடையதை நடத்துவது வேறு, லூயிஸ் பெட்ரியுடையதை நடத்துவது வேறு. செத்துப்போனவர்கள் ஒத்திகைக்கு வந்து, மூன்றாவது வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் காகிதத்தை விரித்துச் சூடாக, இறைச்சி வைத்துச் சுட்ட பிரைடி தின்றுகொண்டிருக்க மாட்டார்கள்.

லூயிஸ் தின்றுகொண்டிருந்தான், அதுவும் மெதுவாக ரசித்து. நாலு நாளில் அவனுடைய முதல் ஓபெரா கிளாஸ்கோவில் அரங்கேறப் போகிறது, அந்த மனுஷனுக்குப் பசிக்கிறது. ஆர்ச்சிக்கு இரண்டு வாரமாகக் கஞ்சிகூட இறங்கவில்லை.

இருவரும் கிரீனக் ஊர்க்காரர்கள். ஒரே தெரு, ஒரே மழை. ஆர்ச்சியின் அப்பாவுக்கு இரண்டு கப்பல்கள் இருந்தன. லூயிஸின் அப்பா சர்க்கரை ஆலையில் பாகு காய்ச்சினார். பதினைந்து வயதில் ஆர்ச்சி இசை படிக்க லண்டனுக்குப் போனான். பத்தொன்பதில் அவன் எழுதிய ஒரு வாத்திய இசையைப் பெரிய மண்டபத்தில் வாசித்தார்கள், ஸ்காட்லாந்தின் நம்பிக்கை என்று பத்திரிகைகள் எழுதின. அப்போது லூயிஸ் கிளைட் நதிப் படகுகளில், வாந்தியெடுக்கும் பயணிகளுக்கு நடுவே உட்கார்ந்து, வயலினுக்கு அண்ணன்போன்ற வயோலாவை வாசித்துக்கொண்டிருந்தான். இந்த வரிசையில் உலகம் நின்றிருந்தவரை ஆர்ச்சிக்கு லூயிஸ் மேல் ஒரு குறையும் கிடையாது. ஊருக்கு வந்தால் தோளில் தட்டிக்கூடக் கொடுப்பான்.

இருபத்தேழு வயதில் ஆர்ச்சி ‘பாறைத் தீவின் விதவை’ என்று ஓர் ஓபெரா எழுதினான். ஸ்ட்ராக்கன் என்பவரின் ஊர் சுற்றும் கம்பெனி அதை எடின்பரோவில் போட்டது. ஆறு நாள் ஓடியது. ஏழாவது நாள் அது தகரப் பெட்டிக்குள் போனது, அதற்குப் பிறகு வெளியே வரவில்லை. ஸ்ட்ராக்கன் நல்ல மனிதர். “எழுதினது போதும் கின்னேர்ட், உனக்குக் கை நல்லா வருது, குழியில நின்னு நடத்து” என்றார். அன்றிலிருந்து ஆர்ச்சி கம்பெனியின் இசை நடத்துனர். அபர்டீன், டண்டி, நியூகாஸில், பிறகு மறுபடியும் அபர்டீன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில், மற்ற ஆறு நாளும் மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காரும் அந்தக் குழி. அவன் எழுதியதில் உயிரோடு மிஞ்சியது ஒரே ஒரு பாட்டு. அந்த ஓபெராவின் இரண்டாம் அங்கத்தில் மீன்காரி ஒருத்தி பாடுவாள், தாளக் கணக்கில் நாற்பது அடி. கோஷ்டியில் நின்றிருந்த எஃபி என்ற பெண்தான் அதைப் பாடினாள். ஓபெரா பெட்டிக்குள் போன அடுத்த மாதம் ஆர்ச்சியும் எஃபியும் கல்யாணம் செய்துகொண்டார்கள். இப்போது அவள் கம்பெனியின் பெரிய பாடகி. இன்றும் துணி உலர்த்தும்போது அந்தப் பாட்டைத்தான் முணுமுணுப்பாள். யாராவது, போயும் போயும் இந்தச் சிடுமூஞ்சியையா கட்டினாய் என்று கேட்டால், “பாட்டைக் கட்டிக்கிட்டேன், சிடுமூஞ்சி இனாமா வந்துச்சு” என்பாள்.

அந்த லூயிஸ்தான் நாற்பது தாண்டி ஓர் ஓபெரா எழுதி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். ‘உப்புக் காற்று’. ஸ்ட்ராக்கன் அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாராம். லண்டனிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். வாத்தியக்காரர்கள் ஒத்திகை முடிந்தும் கிளம்பாமல் அவனைச் சுற்றி நின்று பேசுகிறார்கள். ஆர்ச்சியின் ஒத்திகை முடிந்தால் அவர்கள் தீப்பிடித்த வீட்டிலிருந்து ஓடுவதுபோல் ஓடுவது வழக்கம். இதையெல்லாம் பார்க்கப் பார்க்க ஆர்ச்சிக்கு வயிறு எரிந்தது. லூயிஸின் தலைமுடி கொட்டாமல் இருப்பதுகூட அவனுக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் அங்கத்தில் ஓர் இடம் வந்தது. அங்கே எஃபி எந்த வாத்தியமும் இல்லாமல் பன்னிரண்டு அடி தனியாகப் பாட வேண்டும். பிரதியில் லூயிஸ் தன் கைப்பட எழுதியிருந்தான்: இங்கே நடத்துனர் கோலைக் கீழே வைத்துவிடவும். ஆர்ச்சி வைக்கவில்லை, பன்னிரண்டு அடிக்கும் விடாமல் தாளம் போட்டான்.

“ஆர்ச்சி, அந்த இடத்துல அவங்க போக்குல விட்டுடலாமே” என்றான் லூயிஸ், மூன்றாவது வரிசையிலிருந்து.

“என் குழியில என் கையை எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியும். நீ சாப்பிடு.”

லூயிஸ் சிரித்துவிட்டுச் சாப்பிட்டான்.

ஆர்ச்சியிடம் அதைவிடப் பெரிய சரக்கு ஒன்று இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் பிரதி கைக்கு வந்த அன்றே அவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். இரண்டாம் அங்கத்தில் எஃபி பாட வேண்டிய பாட்டு அவனுடைய மீன்காரிப் பாட்டேதான். நடை கொஞ்சம் மெதுவாகியிருந்தது, சுரங்கள் அப்படியே இருந்தன. எஃபியும் வீட்டில் பயிற்சி செய்தபோது நிறுத்தினாள்.

“ஆர்ச்சி, இது நம்ம பாட்டு மாதிரி இல்ல?”

“தெரியும். யார்கிட்டயும் மூச்சு விடாத. பாடு.”

இரண்டு பேர் இருக்கும் அறையில் சொல்லி என்ன லாபம்? முழு வாத்தியக் குழுவும் கோஷ்டியும் முதலாளியும் இருக்கும் நாளுக்காகத் திருட்டைப் பத்திரப்படுத்தி வைத்தான். பண்டிகைக்கு வாத்து வளர்ப்பவனைப்போல அதற்குத் தினமும் தீனி போட்டான். வியாழக்கிழமை, முழு ஒத்திகையில், எஃபி பாட்டின் எட்டாவது அடிக்கு வந்ததும் கோலால் மேசையில் தட்டினான்.

“நிறுத்துங்க. மிஸ்டர் பெட்ரி, இந்தப் பாட்டை எங்கேருந்து எடுத்தீங்க?”

லூயிஸ் மடியில் இருந்த காகிதத்தை மடித்தான்.

“நான் சொல்றேன். பதினாலு வருஷத்துக்கு முன்னால எடின்பரோவுல, என் ஓபெராவுல, இதே கம்பெனியில, இதோ இந்த அம்மாவே பாடின பாட்டு இது. நீ அப்ப என் குழியில ரெண்டாவது வரிசை வயோலா. ஆறு நாள் வாசிச்ச, ஏழாவது நாள் சட்டைப்பையில போட்டுக்கிட்டுப் போயிட்ட.”

அறுபது பேர் மூச்சு விடாமல் இருந்தார்கள். ஆர்ச்சிக்கு அந்த அமைதி தேனாக இனித்தது. கொம்பு வாசிக்கும் மக்வான்னெல் மட்டும் மெதுவாகக் கேட்டான், “ஐயா, அப்ப நாங்க தப்பா வாசிச்சா ரெண்டு பேர்கிட்ட திட்டு வாங்கணுமா, ஒருத்தர்கிட்டயா?”

லூயிஸ் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். ஆர்ச்சியை நெடுநேரம் பார்த்தான். பிறகு எழுந்தான்.

“சரி ஆர்ச்சி. அது உன் பாட்டுன்னே இருக்கட்டும். நோட்டீஸ்ல போடச் சொல்லிடறேன். இரண்டாம் அங்கத்துப் பாட்டு, ஆ. கின்னேர்ட் எழுதியது. போதுமா?”

போதவில்லை. கூச்சல் இருக்கும், மறுப்பு இருக்கும், லூயிஸின் முகம் வெளிறும் என்று எதிர்பார்த்து வந்தவனுக்கு, கேட்டதைக் கையில் கொடுத்து அனுப்பினால் எப்படி இருக்கும்? ஒத்திகை முடிந்ததும் வாத்தியக்காரர்கள் லூயிஸைச் சுற்றித்தான் நின்றார்கள். “எவ்வளவு பெருந்தன்மை பாரு” என்று யாரோ சொன்னது ஆர்ச்சியின் காதில் விழுந்தது.

சனிக்கிழமை காலை அவன் கம்பெனியின் கிடங்குக்குப் போனான். தன் பழைய ஓபெராவின் கைப்பிரதியை எடுத்துவந்து, திங்கள்கிழமை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் மூக்கை ஒட்டிப் பார்க்கும்படி செய்வதாகத் திட்டம். பெட்டிகளைக் காப்பவன் டல்லக், ஷெட்லாண்டுக்காரன், முன்பு டிராம்போன் வாசித்தவன். முன்பல் விழுந்ததும் பெட்டிகளுக்கு மாறியவன்.

“விதவையைத் தேடுறீங்களா? அந்தம்மா அடியில இருக்கா, எலி தொடல. எலிக்கும் ருசி இருக்குல்ல” என்றான் டல்லக்.

முழுப் பிரதி கிடைத்தது. இரண்டாம் அங்கம், மீன்காரிப் பாட்டு. ஆர்ச்சியின் சொந்தக் கையெழுத்து, கறுப்பு மை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பக்கம் மட்டும் தடிப்பாக இருந்தது. விரலால் தடவினான். பாட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பக்கத்தின் மேல் ஒட்டப்பட்டிருந்தது. ஓரத்தில் பசை விட்டிருந்தது. தூக்கிப் பார்த்தான். அடியில், முதலில் எழுதியது, மீன்காரி ஒரே சுரத்தில் நாற்பது அடி நிற்கிறாள். அதைவிட மந்தமான ஒன்றை அவன் எந்த ஜெர்மானியனிடமும் பார்த்ததில்லை.

இதை எப்போது ஒட்டினோம் என்று யோசித்தான். ஞாபகம் வரவில்லை.

குழியில் உட்காருகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாசிக்க ஒன்றுமில்லாமல் அடிகளை எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் தங்கள் தாளில் பென்சிலால் எதையாவது எழுதுவார்கள். ஊர், தேதி, மழை, அங்கம் எத்தனை நிமிஷம் ஓடியது, நடத்துனர் எப்படிப்பட்ட கழுதை என்பதெல்லாம் அதில் இருக்கும். அழிக்க யாருக்கும் நேரமில்லாததால் அது அப்படியே கிடக்கும். ஆர்ச்சி வயோலாக்காரர்களின் தாள்களை எடுத்தான். இரண்டாவது வரிசை. மீன்காரிப் பாட்டு வரும் பக்கத்தில் மையில் வெறும் நீண்ட சுரங்கள், வயோலாக்காரனைத் தூங்கவைக்கிறவை. அவற்றுக்குக் கீழே காலியிடத்தில், பென்சிலால், பொடிப் பொடியாக, நாற்பது அடிப் பாட்டும் இருந்தது. பக்கத்தில் எழுதியிருந்தது: ‘எடின்பரோ, நவம்பர் 9, மூன்றாம் ஒத்திகை. இடைவேளையில் சும்மா வாசித்துப் பார்த்தேன். ஆ.கி. கேட்டார். நன்றாக இருக்கிறது, வைத்துக்கொள்வோம் என்றார். லூ.பெ.’

அப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. குளிர்ந்த மண்டபம், பாதிப் பேர் டீ குடிக்கப் போயிருந்தது, மூலையில் ஒரு வயோலா தன் பாட்டுக்கு எதையோ இழைத்துக்கொண்டிருந்தது. அன்று மாலையே அவன் துண்டுத் தாளில் அதை எழுதி ஒட்டினான். ஒட்டிய கையோடு மறந்தும்போனான். மறக்கத்தான் அவ்வளவு கெட்டியாக ஒட்டியிருக்க வேண்டும்.

டல்லக் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டான். வாயைக் கோணிக்கொண்டு, கிடங்கின் மூலையில் எரிந்த அடுப்பைக் கண்ணால் காட்டினான். “எலி தின்னுடுச்சுன்னு நான் சொல்லிடுவேன். ருசி மாறிடுச்சுன்னு.”

ஆர்ச்சி அந்த ஒற்றைத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். எரிக்கவும் மனமில்லை, திருப்பி வைக்கவும் மனமில்லை. மழையில் நடந்தபோது அவனுக்கு வந்தது வெட்கமில்லை. வெட்கம் வந்திருந்தால் நல்லவன் என்று சொல்லிவிடலாம். அவனுக்கு வந்தது பொறாமைதான், முன்பைவிடப் பத்து மடங்கு. தன்னிடம் இருந்த ஒரே நல்ல பாட்டும் லூயிஸுடையது. எஃபி கட்டிக்கொண்டதும் அந்தப் பாட்டைத்தான். அப்படியானால், கணக்குப்படி, எஃபி யாரைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்?

விடுதி அறையில் எஃபி ஹெரிங் மீனை ஓட்ஸ் மாவில் புரட்டிப் பொரித்துக்கொண்டிருந்தாள்.

“நோட்டீஸ் அச்சாகி வந்திடுச்சு ஆர்ச்சி. உன் பேரைப் பார்த்தேன். பதினாலு வருஷம் கழிச்சு எழுதியதுன்னு போட்டு உன் பேரு. எனக்கு அழுகையே வந்திடுச்சு.”

“ம்.”

“லூயிஸ் நல்லவர்தான், இல்ல? வேற யாராயிருந்தாலும் சண்டைக்கு நின்னிருப்பாங்க.”

“மீன் கருகுது பாரு” என்றான் ஆர்ச்சி.

திங்கள்கிழமை மாலை அரங்கில் எள் போட இடமில்லை. முதல் அங்கத்துக்கே கைதட்டல் கூரையைத் தூக்கியது. லூயிஸ் இடப்பக்க மாடத்தில், ஸ்ட்ராக்கனின் பக்கத்தில், கடன் வாங்கிய கறுப்புக் கோட்டில் உட்கார்ந்திருந்தான். கடன் வாங்கிய கோட்டுகூட அவனுக்குப் பொருந்தியிருந்தது. இரண்டாம் அங்கத்தில் எஃபி முன்னால் வந்து பாடினாள். நாற்பது அடி. ஆர்ச்சி அதை நன்றாகவே நடத்தினான், வேண்டுமென்று கெடுக்கத் தெரியாத கை அது. சட்டைப்பையில் தாள் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

பாட்டு முடிந்ததும் மேல்தட்டிலிருந்து கப்பல் பட்டறைக்காரர்கள் காலைத் தரையில் இடித்தார்கள். ஒன்ஸ்மோர், ஒன்ஸ்மோர் என்று அரங்கம் முழுக்கக் கத்தியது. அப்போது மாடத்தில் லூயிஸ் எழுந்து நின்றான். கையை நீட்டி, கீழே குழியில் நின்ற ஆர்ச்சியைக் காட்டினான். எல்லாத் தலைகளும் திரும்பின. இத்தனை வருஷத்தில் ஆர்ச்சியின் முதுகை மட்டுமே பார்த்த ஜனம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. மேடையிலிருந்து எஃபி அவனைப் பார்த்துச் சிரித்தாள், புதுப்பெண்போல.

குனிந்து வணக்கம் போட்டிருந்தால் போதும். காலமெல்லாம் வேண்டியிருந்தது இதுதானே. ஆர்ச்சி பாதி குனிந்தும்விட்டான். அப்போதுதான் மாடத்தில் நின்றவனின் முகம் கண்ணில் பட்டது, அமைதியாக, கொடுத்துவிட்டுச் சந்தோஷப்படுகிற முகம். பாட்டு அவனுடையது, கூட்டம் அவனுடையது. பெரிய மனசும் அவனுக்கே போக வேண்டுமா? அதை மட்டும் விடக்கூடாது என்று ஆர்ச்சிக்குள் ஏதோ பல்லைக் கடித்தது.

கையைத் தூக்கினான். சத்தம் அடங்கியது.

“நோட்டீஸ்ல தப்பு இருக்கு” என்றான். “இந்தப் பாட்டு என்னுது இல்ல. மிஸ்டர் பெட்ரி எழுதினது. பதினாலு வருஷத்துக்கு முன்னால அவர்கிட்டேருந்து எடுத்தவன் நான். என்கிட்ட அத்தாட்சி இருக்கு.”

மேல்தட்டிலிருந்து ஒருவன், “அது யாருதா வேணா இருக்கட்டும்யா, அந்தம்மாவைப் பாடச் சொல்லு” என்றான். அரங்கமே சிரித்துக் கைதட்டியது. எஃபி சிரிக்கவில்லை. ஏப்ரனுக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு அவனையே பார்த்தபடி நின்றாள். கட்டிக்கொண்ட காரணம் ஊர் முன்னால் கழன்று விழுந்ததைப் பார்த்தவளின் முகமா, வேறு ஏதாவதா, அவனால் படிக்க முடியவில்லை. தலையை மட்டும் அசைத்தாள், ஆரம்பி என்று. அவன் ஆரம்பித்தான்.

இடைவேளையில் எஃபி உடை மாற்றப் போய்விட்டாள். மேடைக்குப் பின்னால் உள்ள நடையில் லூயிஸ் எதிரே வந்தான். ஆர்ச்சி மடித்த தாளை எடுத்து அவன் கையில் திணித்தான். லூயிஸ் அதைப் பிரிக்கவே இல்லை.

“உனக்குத் தெரியுமா?” என்றான் ஆர்ச்சி.

“நான் எழுதினதுடா. எனக்குத் தெரியாம?”

“வியாழக்கிழமையே தெரியுமா?”

“பதினாலு வருஷமா தெரியும்.”

“அப்புறம் ஏன்டா அவ்வளவு பேர் முன்னால வாயை மூடிக்கிட்டு நின்ன?”

“நீ அன்னைக்கு நின்ன நிலையைப் பார்த்தேன். உன்கிட்ட மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்னு தோணிச்சு. எடுக்க மனசு வரல.”

அடித்திருந்தால் ஆர்ச்சி தாங்கியிருப்பான். சுவரில் சாய்ந்துகொண்டான். ஊர் முன்னால் மானத்தை விற்றுக்கூட இவனை ஓர் அங்குலம் கீழே இறக்க முடியவில்லை.

“அன்னைக்கு ஏன் எழுதின? யார் உன்னைக் கேட்டா?” என்றான், சண்டைக்கு வேறு வழியில்லாமல்.

“யாரும் கேக்கல. நல்ல குரலை வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு ஒரே சுரத்துல நின்னுக்கிட்டிருந்தா. பார்க்கப் பாவமா இருந்துச்சு.” லூயிஸ் இதைச் சொல்லும்போது ஆர்ச்சியைப் பார்க்கவில்லை, கையில் இருந்த மடித்த தாளைப் பார்த்தான். மணி அடித்தது.

மூன்றாம் அங்கம். எஃபி கறுப்புச் சால்வையில் வந்தாள். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, அந்த இடம் வந்தது, பன்னிரண்டு அடி. பாடகி எப்போதும் நடத்துனரைத்தான் பார்ப்பாள். அன்பால் அல்ல, எப்போது வாயைத் திறப்பது என்று தெரிய. பதினான்கு வருஷமாக எஃபி மேடையிலிருந்து அவனைப் பார்த்ததெல்லாம் அந்தக் கோலைத்தானோ என்று ஆர்ச்சிக்கு இப்போது தோன்றியது. கோல் இல்லாவிட்டால் அவள் கண் எங்கே போகும்? இடப்பக்க மாடத்தில் ஒருத்தன் இருக்கிறான், அவளுக்காகப் பாட்டு எழுதியவன். இதைத் தெரிந்துகொள்ளாமல் இனி ஒரு ராத்திரிகூடத் தூங்க முடியாது.

கோலைக் கீழே வைத்தான். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். வாத்தியக்காரர்கள் திகைத்துத் தலையைத் தூக்கினார்கள்.

எஃபிக்கும் அது புதுசு. ஒரு மூச்சு தயங்கினாள். மாடத்தின் பக்கம் முகம் பாதி திரும்பியது. பிறகு அவள் குழியைப் பார்த்தாள். வெறும் கையோடு, சிடுமூஞ்சியோடு நின்ற தன் புருஷனைப் பார்த்தபடியே பாட ஆரம்பித்தாள். பன்னிரண்டு அடியும் கண்ணை எடுக்கவில்லை.

ஆர்ச்சி நல்ல மனிதனாக இருந்திருந்தால் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றிருப்பான். அவன் மாடத்தைப் பார்த்தான், லூயிஸ் இதைக் கவனித்தானா என்று. லூயிஸ் கவனித்துக்கொண்டுதான் இருந்தான். அமைதி எல்லாம் போய், இரண்டு கையாலும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, எஃபியின் கண் போகிற இடத்தையே வெறித்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை ஆர்ச்சிக்கு அடையாளம் தெரிந்தது. இரண்டு வாரமாகச் சவரம் செய்யும்போதெல்லாம் கண்ணாடியில் பார்த்த முகம்தான் அது.